பழைய குழாய்

மார்ச் 4

அண்ணா,

நீ வேண்டுமென்றே செத்துக்கொண்டிருக்கிறாய்.

நேற்று உன் டயாலிசிஸ் யூனிட்டிலிருந்து எனக்குப் போன் வந்தது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள் என்று என் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறாயே, அதனால். ஃபாக்டரியில், தையல் லைன் நடுவில் நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். நான்கு மணி நேரம் ஓட வேண்டிய மிஷினை முன்னாலேயே நிறுத்தச் சொல்கிறாயாம். சில நாள் போவதே இல்லையாம். சாப்பிடுவதில்லை, எடை இறங்குகிறது, ரத்தம் ஊற ஊசி போட்டும் ஊறவில்லை. அந்த சிஸ்டர் பதமாகத்தான் கேட்டாள்: "வீட்டுல எதுவும் பிரச்சினையா மேடம்?"

எந்த வீட்டில்? நீ ஒரு ஊரில் வாடகை அறையில். நான் ஒரு ஊரில் பெண்கள் விடுதியில். அப்பாவும் அம்மாவும் போட்டோவில். பிரச்சினை பண்ணவாவது ஆள் வேண்டாமா?

போன் பண்ணினால் "நல்லா இருக்கேன் வாலு, வெச்சுடறேன்" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் என் வாயை நீ அடைக்க முடியாது.

லிஃப்ட் மெக்கானிக் நீ. அத்தனை மாடிக் கட்டடத்தின் குழிக்குள் இடுப்பில் பெல்ட்டோடு தொங்கி வேலை பார்த்தவன். ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார முடியவில்லை என்கிறாய். என் லைனில் பெண்கள் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை முதுகு சாயாத ஸ்டூலில் உட்காருகிறார்கள். யாரும் பாதியில் எழுந்து போவதில்லை. போனால் மறுநாள் அந்த ஸ்டூலில் வேறொருத்தி இருப்பாள். உனக்கு அந்தப் பயம் இல்லை. அதுதான் உன் வியாதி.

சிறுநீரகம் கெட்டது உன் தப்பில்லை. மற்றதெல்லாம் உன் தப்பு.

ஏன் என்று எழுது.

தங்கை


மார்ச் 11

வாலு,

நாற்காலியில் இருந்தபடியே எழுதுகிறேன். இடது கையில் ஊசி, வலது கை சும்மா. இங்கே போனுக்குத் தடை. ஒரு பெரியவர் தன் மருமகனைப் போனிலேயே வெளுத்து வாங்கி, பிரஷர் ஏறி, மிஷின் அலறி, அன்றோடு எல்லாருக்கும் போன் போச்சு. உனக்கு லெட்டர் வருகிறதென்றால் அந்த மருமகன் புண்ணியம்.

பக்கத்து நாற்காலி ரேடியோ உன்னை விசாரித்தார். அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பஸ் நிலையத்தில் மைக் பிடித்து வண்டி நேரம் சொன்னவர். உட்கார்ந்தால் அணைக்க பட்டன் கிடையாது. உன் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி திட்டியிருக்காளா? குடுத்துவெச்சவன்யா நீ. நான் செத்தாக்கூட என் மகன் 'அப்படியா'ன்னுதான் கேப்பான்" என்றார்.

ஏன் என்று கேட்டிருக்கிறாய். எனக்கே தெரியவில்லை. காலையில் கண் விழிக்கிறேன். பல் தேய்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த நினைப்பிலேயே களைத்துப்போய்ப் படுத்திருக்கிறேன். வாயில் எதைப் போட்டாலும் அட்டையை மெல்வது மாதிரி இருக்கிறது. அழுகை வந்தாலாவது துக்கம் என்று பேர் வைக்கலாம். அதுவும் வருவதில்லை.

போன வாரம் மனநல ஆலோசகர் என்று ஒரு அம்மா வந்தார். ஊரில் உள்ள யூனிட் எல்லாவற்றுக்கும் அவர் ஒருத்தர்தான். கையில் கேள்வி அட்டை. இங்கே நாற்காலிகள் வரிசையாக இருக்கும், நடுவில் திரை கிடையாது. மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் கேட்க வேண்டும்.

"கடந்த ரெண்டு வாரத்துல எதுலயுமே ஆர்வம் இல்லாம இருந்தீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

ரேடியோ முந்திக்கொண்டார். "எனக்கு நல்ல ஆர்வம் இருக்கும்மா, தண்ணி குடிக்கிறதுல. ஒரு குடம் குடுங்க, எப்பேர்ப்பட்ட ஆர்வம்னு காட்டுறேன்."

ஹாலே சிரித்தது. எங்களுக்கெல்லாம் தண்ணீர் அளவுதான் என்று உனக்குத் தெரியும்.

"செத்துட்டா நல்லாருக்கும்னு எப்பவாவது தோணுச்சா?"

எதிர் வரிசை அக்கா சொன்னார்: "இந்தாளு பேச்சைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கோமே மேடம், தோணாம என்ன பண்ணும்?"

மறுபடி சிரிப்பு. இந்தத் திருவிழாவுக்கு நடுவில் நான் என்ன சொல்ல? எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை என்றேன். அந்த அம்மா நம்பவில்லை. டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். அவர் வந்தார். "டிப்ரஷன்தான். மாத்திரை எழுதறேன். உங்க தங்கச்சியே போன்ல சொன்னாங்களாமே, நீங்க எப்பவுமே இப்படித்தான்னு." இதைச் சொல்லிக்கொண்டே அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

நீ அப்படிச் சொன்னாயா?

அண்ணன்


மார்ச் 17

அண்ணா,

சொன்னேன்.

"முன்னாடியும் இப்படி இருந்திருக்காரா?" என்று சிஸ்டர் கேட்டாள். லைனில் வேலை நின்றுபோயிருந்தது. மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் எப்பவுமே இப்படித்தாங்க" என்றேன். போனை வைக்க ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. கையில் கிடைத்ததைச் சொன்னேன்.

அதனால் அது பொய் என்று ஆகிவிடாது. அப்பா போனபோது சுவரைப் பார்த்துப் படுத்தது யார்? நானா? நான் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு வேலை கேட்டு அலைந்தேன். அம்மாவைக் குளிப்பாட்டினேன். நீ எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு வந்தவர் போனவரெல்லாம் "பையன் தேறிட்டான்" என்று உன் தலையைத் தடவினார்கள். நான் தேறினேனா என்று இன்று வரை ஒரு ஆளும் கேட்டதில்லை. ஆண்பிள்ளை படுத்தால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பெண்பிள்ளை படுக்கக்கூடாது. இதை எழுத எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது, இப்போது நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேள்வியைத் திருப்பி என் மேல் போட்டுவிட்டு நழுவாதே. மாத்திரை சாப்பிடுகிறாயா? மிஷினை ஏன் முன்னாலேயே நிறுத்தச் சொல்கிறாய்?

தங்கை


மார்ச் 26

வாலு,

கோபமில்லை. நீ தேறினாயா என்று நானும் கேட்கவில்லை. உனக்கு எதுவும் ஆகாது என்று நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

சுவரைப் பார்த்துப் படுத்ததும் நிஜம். ஆனால் இது அது மாதிரி இல்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே.

முதன்முதலில் டயாலிசிஸுக்காக என் இடது கையில், முழங்கைக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு செயற்கைக் குழாய் வைத்தார்கள். அது அடைத்துப்போய் வருஷக்கணக்காகிறது. "சும்மா கெடக்கட்டும், ஒண்ணும் பண்ணாது" என்று உள்ளேயே விட்டுவிட்டார்கள். இப்போது ஊசி போடுவது முழங்கைக்கு மேலே, வேறு இடத்தில். கொஞ்ச மாதமாகப் பழைய குழாய் இருக்கும் இடம் கணகணவென்று சுடுகிறது. தோல் சிவந்திருக்கிறது. தினமும் காய்ச்சல், பெரிதாக இல்லை, ஆனால் விடுவதும் இல்லை.

யூனிட் வாசலில் தெர்மாமீட்டர் வைப்பார்கள். போவதற்கு முன் காய்ச்சல் மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு போய்விடுவேன். வாசலில் எல்லாம் நார்மல். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குளிருகிறது என்பேன். மூன்று மணி நேரம் ஆனதும் மாத்திரையின் வேலை முடிந்து நடுக்கம் எட்டிப் பார்க்கும். அது தெரிவதற்குள் மிஷினை நிறுத்தச் சொல்லி எழுந்துவிடுவேன். மாத்திரைக்கும் அடங்காத நாளில் போகமாட்டேன். நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஊசி போடும் இடத்துக்கு ஒரு சாண் கீழே என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு ஆள் இறங்கினால் அடுத்த ஆள் ஏற வேண்டும், நாற்காலியின் சூடு ஆறுவதற்கு நேரம் கிடையாது.

ஏன் மறைக்கிறாய் என்று கேட்பாய். காய்ச்சல் என்றால் தனியறைக்கு மாற்றிவிடுவார்கள். ஒரு மிஷின், ஒரு நாற்காலி, எதிரே சுவர். நாலு மணி நேரம். வாரத்தில் என்னை ஒரு மனுஷன் "என்னப்பா, இன்னும் உயிரோட இருக்கியா?" என்று கேட்பது ரேடியோவின் பக்கத்தில்தான். மற்ற நாளெல்லாம் அறையில் ஃபேனோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அந்த நாற்காலியும் போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது, சொல்.

அண்ணன்


மார்ச் 31

அண்ணா,

உன்னைச் சோம்பேறி என்று நினைத்தேன். நீ சோம்பேறி இல்லை, அடிமுட்டாள்.

எங்கள் ஃபாக்டரி மெடிக்கல் ரூமில் ஒரு நர்ஸம்மா இருக்கிறார். எல்லா வலிக்கும் ஒரே மாத்திரை கொடுப்பவர். அவரிடம்கூட உன் கையைப் பற்றிக் கேட்டேன். "அடுத்த ஆளோட அண்ணனுக்கெல்லாம் நான் சொல்லக்கூடாது. ஆனா என் அண்ணனா இருந்தா இன்னைக்கே இழுத்துட்டுப் போவேன்" என்றார்.

அதைக் கேட்டுவிட்டு லைனுக்கு வந்தால், காலர் தைக்கிற பெண் ஒருத்தி மிஷின் மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். வாயைத் திறந்துவிட்டேன். "நடிக்காத. எந்திரி." ஒவ்வொரு நாளும் நான் சொல்கிற வார்த்தைதான். அவள் எழுந்து தைக்க ஆரம்பித்துவிட்டாள். காய்ச்சலா, பசியா, வீட்டில் அடியா, ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் லைன் நின்றுவிடும். என்னை மேற்பார்வையாளர் ஆக்கியதே கேட்கமாட்டேன் என்பதால்தான். உன்னையும் அப்படித்தான் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். சொல்லத்தான் போகிறேன். இதைத் தபாலில் போட்டுவிட்டு உன் யூனிட்டுக்குப் போன் பண்ணுகிறேன். என்னோடு பேசாமல் இரு, பரவாயில்லை. துண்டை எடுத்துக் கையைக் காட்டு.

தங்கை


ஏப்ரல் 12

வாலு,

நீ போன் பண்ணியது தெரியும். சிஸ்டர் வந்து கேட்டார். "என் தங்கச்சி சும்மாவே ஊரைக் கூட்டுவா சிஸ்டர்" என்றேன். அவர் துண்டை விலக்கிப் பார்த்து, "லேசா செவந்திருக்கே, டாக்டர் வரட்டும்" என்றார். டாக்டர் வரும் நாளில் நான் போகவில்லை.

அதற்கு அடுத்த முறை போனேன். பக்கத்து நாற்காலியில் புது ஆள். இங்கே யாரும் சாவதில்லை தெரியுமா? "வேற ஷிஃப்ட்டுக்கு மாத்திட்டாங்க" என்பார்கள். எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும், யாரும் மேலே கேட்கமாட்டோம். நான் கேட்டேன். "ரேடியோ எந்த ஷிஃப்ட்டு?" சிஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல் பஞ்சை எடுக்கப் போனார். தரை துடைக்கிற அம்மாதான் சொன்னார், தூக்கத்திலேயே போய்விட்டாராம். மகன் வந்து இங்கே வைத்திருந்த செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்கிக்கொண்டு போனானாம். அழுதானாம். இதை ரேடியோவிடம் சொன்னால் நம்பமாட்டார்.

அதன் பிறகு காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. யாருக்காகப் போட? வாசலில் பிடித்துவிட்டார்கள். இப்போது தனியறை. சுவர் நான் நினைத்த அளவு மோசமில்லை. ஹாலிலும் எனக்கு யாரும் இல்லையே.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். பழைய குழாய்தான். உடம்புக்குள் அழற்சி பல மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறதாம், இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. ஊசி போட்டும் ரத்தம் ஊறாதது, எடை இறங்கியது, பசி செத்தது எல்லாம் அதனால் இருக்கலாமாம். "எடுத்துடலாம், சின்ன ஆபரேஷன்தான். விட்டா ஒரு நாள் கிருமி ரத்தத்துல கலந்துடும், அப்புறம் எங்க கையில இல்ல" என்று சர்ஜன் சொன்னார். நான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆலோசகர் அம்மா மறுபடி வந்தார். தனியறையில் கத்த வேண்டியதில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் தடவையாக அவரிடம் உண்மையைச் சொன்னேன். பிறகு கேட்டேன்: "இந்த அழற்சியாலதான் எனக்கு மனசு இப்படி ஆச்சா மேடம்?"

கேள்வி அட்டையைக் கீழே வைத்தார். "இருக்கலாம். உடம்பு உள்ள புகைஞ்சுக்கிட்டே இருந்தா மனசையும் அமுக்கும்னு சொல்றாங்க. மனசு விட்டுப்போனா உடம்பும் கெடும்னும் சொல்றாங்க. உங்களுக்கு எது முதல்ல வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பாக்கணும்."

நல்ல அம்மா. பொய் சொல்லவில்லை.

ஆனால் வாலு, அன்றிலிருந்து ஒரு பயம். குழாயை எடுத்துவிட்டார்கள் என்று வை. காய்ச்சல் போய்விட்டது, ரத்தம் ஊறிவிட்டது. அதற்குப் பிறகும் நான் காலையில் இப்படியே கிடந்தால்? அப்போது சொல்லிக்கொள்ள என்ன இருக்கும்? இது வியாதி இல்லை, நான்தான் என்று ஆகிவிடும். நீ சொன்னதுதான் சரி, நான் எப்பவுமே இப்படித்தான் என்று ஆகிவிடும். இப்போது பழியைப் போட ஒரு குழாயாவது இருக்கிறது.

சிரிக்காதே. நாள் முழுக்க இதையேதான் யோசிக்கிறேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நீ வராதே. வந்தால் நான் யூனிட்டுக்குப் போகமாட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் உனக்காகச் சரி என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

அண்ணன்


ஏப்ரல் 18

அண்ணா,

சிரிக்கவில்லை. விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படியில் ஏறி இறங்கியவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள்.

ரேடியோவுக்காக வருத்தப்படுகிறேன். அவரைப் பார்க்கவில்லை, குரல் கேட்கவில்லை. ஆனாலும் நான் திட்டுவது ஒரு கொடுப்பினை என்று சொன்ன ஒரே மனுஷன் அவர்தான்.

நேற்று உன் டாக்டரைப் போனில் பிடித்தேன். மூன்று நாள் முயற்சி. "என் அண்ணன் எப்பவுமே இப்படித்தான்னு நான் சொன்னது தப்பு சார். அதைத் திரும்ப எடுத்துக்கறேன்" என்றேன். அவருக்கு ஞாபகமே இல்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சும்மா கேட்டு வெச்சுக்கறதுதான்" என்றார். அவருக்கு ஒன்றுமில்லை. அதை வைத்து உன்னை ஒரு மாத்திரையோடு மூட்டை கட்டி ஓரமாக வைத்தார்கள், நீயும் மூட்டைக்குள்ளேயே இருந்துகொண்டாய், எனக்கும் அது போதுமாக இருந்தது. யாருக்குமே ஒன்றுமில்லை.

"எப்பவுமே" என்ற வார்த்தையைப் பற்றி யோசித்தேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்தது ஒரு மாதம். அதற்குப் பிறகு எத்தனை வருஷம்! லிஃப்ட் குழிக்குள்ளிருந்து நீ பாடுவாய், குரல் மேல் மாடி வரை போய்த் திரும்பி வரும். ஆபீஸ்காரர்கள் கதவைத் திறந்து "யாருப்பா அது, உள்ள என்ன கழுதையா மாட்டிக்கிச்சு?" என்று கேட்பார்கள். நீ இன்னும் சத்தமாகப் பாடுவாய். எனக்கு முதல் சம்பளம் வந்த அன்று என்னை லிஃப்ட் கூரை மேல் ஏற்றி ஊரைக் காட்டினாய், வேலை போகும் என்று தெரிந்தும். இதெல்லாம் எனக்குத் தெரியும். போனில் சிஸ்டர் கேட்டபோதும் தெரியும். ஆனால் என் வாயில் வந்தது அந்தச் சுவர். உன் மேல் எனக்கு இருந்த பழைய கோபத்தை உன் வியாதிக்குப் பேராக வைத்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். குழாயை எடுத்த பிறகும் மனசு அப்படியே இருந்தால்? இருக்கலாம். வாரம் மூன்று நாள் மிஷினில் கட்டிப்போட்டு, தண்ணீரைக்கூட அளந்து கொடுத்து, பேசிய ஒரே ஆளையும் எடுத்துக்கொண்டால் எந்த மனுஷனுக்கும் மனசு அப்படித்தான் இருக்கும். அதற்கு நீ பிறவியிலேயே அப்படி இருந்திருக்க வேண்டியதில்லை. அப்போதும் நான் சொன்னது சரியென்று ஆகாது. அந்த அம்மா இருக்கிறார், மாத்திரை இருக்கிறது, உன்னைத் திட்ட நான் இருக்கிறேன். அதை அப்போது பார்ப்போம். என்னைப் பொய்யாக்க வேண்டுமென்றாலும் நீ உயிரோடு இருந்துதான் ஆக வேண்டும்.

எனக்காகச் சரி என்று சொல்ல இஷ்டமில்லை என்கிறாய். எனக்காக வேண்டாம். என் மேல் உள்ள கோபத்துக்காகவாவது கையெழுத்துப் போடு.

தங்கை


ஏப்ரல் 29

அண்ணா,

பதில் இல்லை.

உன் போன் அணைந்திருக்கிறது. யூனிட்டுக்குப் போன் பண்ணினேன். "பேஷண்ட் விவரத்தையெல்லாம் போன்ல சொல்ல மாட்டோம் மேடம், ரூல்ஸ்" என்றார்கள். அன்றைக்கு ஒரு தையல் லைன் நடுவில் என்னை நிறுத்தி உன் வாழ்க்கையையே விசாரித்தபோது இந்த ரூல்ஸ் எங்கே போயிருந்தது? கேட்டேன். வைத்துவிட்டார்கள்.

மேனேஜரிடம் லீவு கேட்டேன். "அண்ணனுக்கு என்ன?" என்றார். "அழற்சி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "மனசு சரியில்லை" என்றேன். சிரித்தார், "யாருக்குத்தான் சரியா இருக்கு?" என்று. லீவு இல்லை. நான் கிளம்புகிறேன், சனிக்கிழமை ரயில். வராதே என்று சொல்லியிருந்தாய். வந்தால் யூனிட்டுக்குப் போகமாட்டேன் என்றாய். தெரிந்துதான் வருகிறேன், பயந்துகொண்டேதான் வருகிறேன். நான் வருவது உன்னைக் காப்பாற்றுமா, கெடுக்குமா என்று தெரியவில்லை. கேட்க யாரும் இல்லை.

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரும். போனைப் போட்டு ஒரு வரி சொல், போதும். நலமா என்று நான் கேட்கவில்லை, மன்னித்தாயா என்றும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டாயா, இல்லையா? அதை மட்டும் சொல்.

தங்கை